மிதித்தும் நகராத புல்வெட்டி - த்ராட்டில் சென்சாரின் கதை

பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் வண்டி. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, பேட்டரியிலும் சார்ஜ் இருக்கிறது. ஆனால் பெடலை மிதித்தால் வண்டி அசையவில்லை. அல்லது திடீரென்று துள்ளிப் பாய்கிறது! கோளாறு எங்கே? இந்தக் கேள்விக்கான பதில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இடம் மாறியிருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

1969இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 'எலெக்-ட்ராக்' என்ற மின்சாரத் தோட்ட டிராக்டரை அறிமுகப்படுத்தியது. ஆறு வோல்ட் பேட்டரிகள் ஆறு, மொத்தம் 36 வோல்ட். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் வழியிலேயே மின்தடைகள் இருந்தன. வேகம் கூட்டும்போது கான்டாக்டர்கள் மூடிக்கொண்டு அந்தத் தடைகளைப் படிப்படியாக விலக்கும். கோளாறு வந்தால் கருகிய முனையோ வெந்த கம்பியோ பெரும்பாலும் கண்ணிலேயே பட்டுவிடும்.

பிறகு டிரான்சிஸ்டர் கன்ட்ரோலர்கள் வந்தன. இவை மோட்டாருக்கான மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுத் தருகின்றன. பெடல் இனி மின்சாரத்தைச் சுமப்பதில்லை, 'இவ்வளவு வேகம் வேண்டும்' என்று சேதி சொல்வதோடு சரி. அந்தத் தூதுவன்தான் த்ராட்டில் சென்சார். ஆரம்பத்தில் அது ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரியான ஒரு பொட்டன்ஷியோமீட்டர். உள்ளே உள்ள தடம் உரசி உரசித் தேயும். தேய்ந்த இடம் வரும்போது வண்டி திக்கும். முள் உள்ள பழைய மீட்டரை இணைத்துப் பெடலை மெதுவாக அழுத்தினால், முள் சீராக ஏறாமல் அந்த இடத்தில் துள்ளும்.

உரசல் இல்லாத வழி வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், மின்சாரம் ஓடும் தங்கத் தகட்டின் அருகே காந்தத்தை வைத்தால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். எலக்ட்ரானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை! குறைகடத்திகள் வந்த பிறகுதான் அது நடைமுறைக்கு உதவியது. இன்றைய பல பெடல்களில் காந்தம் நகர, ஹால் சென்சார் அதை உணர்கிறது.

ஹால் சென்சாருக்கு வழக்கமாக மூன்று கம்பிகள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். மிதிக்காதபோது சிக்னல் சுமார் 1 வோல்ட், முழுவதும் மிதித்தால் சுமார் 4. வண்டிக்கு வண்டி இது சற்று மாறும். ஏன் 0 முதல் 5 வரை முழுதும் பயன்படுத்தவில்லை? மூன்று கம்பி பொட்டன்ஷியோமீட்டரில் எர்த் கம்பி அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அதை 'முழு வேகம்' என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டால், பிளேடு சுற்றும் வண்டி என்ன ஆகும்? இரு ஓரங்களையும் காலியாக விட்டதால், எல்லை தாண்டிய சிக்னலைக் கோளாறு என்று அறிந்து கன்ட்ரோலர் வண்டியை நிறுத்த முடிகிறது. சாவியைத் திருப்பும்போதே சிக்னல் உயர்ந்திருந்தாலும் பல வண்டிகள் நகர மறுப்பது இதே காரணத்தால்தான்.

ஆகவே நகராத வண்டியைக் கண்டதும் கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கலாம். பிளேடை அணைத்து, ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். 5 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் கம்பியையும் கன்ட்ரோலரையும் பாருங்கள். வந்தால் எர்த் சரியா, கனெக்டரில் பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிக்னல் சீராக ஏறி இறங்குகிறதா? எல்லாம் சரியாக இருந்து சிக்னல் மட்டும் அசையவில்லை என்றால் சென்சாரோ, இடம் பெயர்ந்த காந்தமோதான் காரணம்.

கன்ட்ரோலரின் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. அன்று கண்ணே போதும் என்றிருந்த வேலைக்கு இன்று ஒரு மல்டிமீட்டர் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்!