வீட்டுக் கணினிப் பராமரிப்பு: தமிழ்நாட்டில் ஒரு வரலாறு

வீட்டுக் கணினிப் பராமரிப்பு என்பது வீட்டில் பயன்படும் கணினியின் வேகம் குறையாமலும், அதில் தூசியும் வேண்டாத கோப்புகளும் சேராமலும், நச்சுநிரல்களும் தகவல் திருடர்களும் நுழையாமலும் பார்த்துக்கொள்ளும் பழக்கங்களின் தொகுப்பு ஆகும். தமிழ்நாட்டில் 1980களின் நடுவில் சில பள்ளிகளுக்கு மட்டும் வந்த கணினி, 2011-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு போன்ற சிற்றூர்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கருவி வீட்டுக்கு வந்த வேகத்தில் அதைப் பேணும் பழக்கம் வந்து சேரவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, அதனால் என்ன இழந்தோம், அதை எப்படி நிரப்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பூட்டிய அறைக் காலம்

இந்திய அரசு 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ வகைக் கணினிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அவற்றின் அடிப்படை நிரல்கள் அழிக்க முடியாத நினைவகச் சில்லிலேயே பதிந்திருந்தன. மாணவர் எதைத் தட்டினாலும், அணைத்துப் போட்டால் இயந்திரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே அந்நாளில் பராமரிப்பு என்றால் தூசி துடைப்பதுதான். கணினி அறைக்குக் குளிர்சாதனம், கணினிக்குத் துணி உறை, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் ஆகியவை அக்காலத்து அடையாளங்கள்.

இந்த முறையால் கருவி நன்றாக இருந்தது. ஆனால் பேணும் பொறுப்பு முழுவதும் ஆசிரியரிடமோ ஆய்வக உதவியாளரிடமோ இருந்ததால் மாணவருக்கு அந்தப் பழக்கம் கைவரவில்லை.

நெகிழ்வட்டில் வந்த நோய்

ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலான 'பிரெய்ன்' 1986-இல் லாகூரிலிருந்து பரவியது. அங்கே கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டுபிடிக்க அதை எழுதியதாகக் கூறினர். நிரலுக்குள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தனர். அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்துகொண்டு, அந்த வட்டு செல்லும் கணினிக்கெல்லாம் சென்றது.

நச்சுநிரல் தானாகப் பறந்து வருவதில்லை. மனிதர்கள் கோப்புகளைக் கொண்டுசெல்லும் வழியிலேயே அதுவும் செல்கிறது. நெகிழ்வட்டு போய்க் குறுவட்டு வந்தது. பிறகு மின்னஞ்சலும் பென் டிரைவும் வந்தன. வழி மாறும்தோறும் நச்சுநிரலும் தன் வழியை மாற்றிக்கொண்டது. 1999 ஏப்ரல் 26 அன்று 'செர்னோபில்' என்று அழைக்கப்பட்ட சிஐஎச் நச்சுநிரல் உலகெங்கும் வன்தட்டுகளை அழித்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று விதித்தது.

உள்நாட்டில் உருவான மருந்து

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கின்றனர். 1990களின் தொடக்கத்திலேயே சென்னையில் ஜெ. கேசவர்தனன் இத்துறையில் இறங்கி, கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் விற்ற 'வைரஸ் செக்யூரிட்டி' மென்பொருளின் உள்ளே இயங்கியது கே7 நிறுவனத்தின் தொழில்நுட்பமே. இதே காலத்தில் புனேயில் ஒரு பழுதுபார்க்கும் கடையிலிருந்து 'குவிக் ஹீல்' வளர்ந்தது. மருந்து உள்நாட்டிலேயே கிடைத்தது. ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தடையாக இருந்தது. காலாவதியான மருந்தைக் கணினியில் வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நம்பியவர்கள் பலர்.

சிவகாசியும் பென் டிரைவும்

விருதுநகர் மாவட்டத்தில் கணினி முதலில் பரவலாக வேரூன்றிய தொழில்களுள் அச்சுத்தொழில் முக்கியமானது. சிவகாசியின் நாட்காட்டி, டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் ஆகியவற்றின் வடிவமைப்பு கணினிக்கு மாறியபோது, டி.டி.பி. கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. வடிவமைப்பாளரின் கணினியிலிருந்து அச்சகத்துக்குக் கோப்பைக் கொண்டுபோக நெகிழ்வட்டு, பிறகு குறுவட்டு, பிறகு பென் டிரைவ் பயன்பட்டன. பல கணினிகளில் செருகி எடுக்கும் ஒரே பென் டிரைவ், பலருக்குப் போட்ட ஒரே ஊசியைப் போன்றது.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுத் தரங்கள் பரிந்துரைக்கப்பட்ட பின்னரும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் நீடித்தன. வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்தாலும் திறக்க வேண்டுமே என்று நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை நிறுவினார்கள். அவற்றின் சுமையால் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் திறக்கவே நேரம் பிடித்தன.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே இயங்கும் 'ஆட்டோரன்' வசதி நச்சுநிரல்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது. 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில், கோப்புறைப் படத்தோடு காட்சி தந்த நச்சுநிரலைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். கோப்பின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிடுவதால் அது நிரல் என்பது கண்ணுக்குத் தெரியாது. திறந்து பார்க்கலாம் என்று சொடுக்கியதுமே அது இயங்கிவிடும். 2011 பிப்ரவரியில்தான் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் பென் டிரைவுக்கான ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் இற்றைப்படுத்தல் வழியே முடக்கியது.

இலவச மடிக்கணினியும் வீட்டுப் பொறுப்பும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கும் வயலுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், வீட்டுக்குள் வந்த முதல் கணினியாக அது அமைந்தது. நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற 2012-ஆம் ஆண்டில், மின்கலத்தோடு வந்த மடிக்கணினி வேறு வகையிலும் பயன்பட்டது. மின்சாரம் திடீரென நிற்பதால் கோப்புகள் கெடும் மேசைக்கணினித் தொல்லை அதில் இல்லை.

அந்த மடிக்கணினியில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தில் தமிழ் இடைமுகம் உண்டு. விண்டோஸுக்கு எழுதப்பட்ட பென் டிரைவ் நச்சுநிரல்கள் அதில் இயங்கா. ஒரே கருவியில் நோய் எளிதில் தொற்றாத இரண்டாவது அறை ஒன்று கட்டித் தரப்பட்டிருந்தது. கடையில் 'ஃபார்மட்' போட்டபோது அந்த அறையையே இடித்துவிட்டு, உரிமமில்லாத விண்டோஸை நிறுவித் தந்த வழக்கம் பரவலாக இருந்தது. உரிமமில்லாத விண்டோஸில் 'வம்பு வேண்டாம்' என்று இற்றைப்படுத்தலை நிறுத்தி வைப்பதும் வழக்கம். நோயைத் தீர்க்கப் போய்த் தடுப்பூசியையும் நிறுத்திய கதை இது.

ஃபார்மட் போடுவதற்கு முன் கோப்புகளைப் படியெடுக்காததால் அழிந்துபோன குடும்பப் படங்களும் செய்முறைப் பதிவுகளும் எத்தனையோ. மெதுவாகிப்போன மடிக்கணினி பீரோவுக்குள் போனது. அந்த வீட்டுப் பிள்ளையின் கணினிப் பயிற்சி அத்தோடு நின்றது. பராமரிப்பு இல்லாததன் உண்மையான விலை இதுதான். 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் தனிப் பாடமாக இடம்பெற்றன.

இரண்டு எச்சரிக்கைகள்

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நிரல் உலகெங்கும் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அதை நிறுவாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். அதே ஆண்டு 'சிகிளீனர்' என்னும் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குச் சென்றது. விளக்குமாற்றிலேயே அழுக்கு வந்து சேர்ந்தது.

2019 அக்டோபர் 30 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக எழுந்த செய்தியை அடுத்து, இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை உறுதிப்படுத்தியது. அது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அணுஉலை இயக்க அமைப்புகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் பாதிப்பு இல்லை என்றும் விளக்கியது. எவ்வளவு பெரிய நிறுவனத்திலும் நச்சுநிரல் ஒரு தனி மனிதரின் மேசை வழியாக நுழையக்கூடும் என்பதும், முக்கியமானதைத் தனியே பிரித்து வைப்பது காக்கும் என்பதும் இதில் தெரிகின்றன.

இன்றைய நடைமுறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து வீட்டுக்கு வேண்டிய பழக்கங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. படியெடுத்தல்: முக்கியமான கோப்புகளின் படி ஒன்றைத் தனி வன்தட்டில் வைத்து, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இணைந்தே இருந்தால் கோப்பைப் பூட்டும் நிரல் அதையும் பூட்டிவிடும்.

2. இற்றைப்படுத்தல்: இயங்குதளமும் உலாவியும் கேட்கும் இற்றைப்படுத்தல்களைத் தள்ளிப்போடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற எடை குறைந்த இலவச இயங்குதளங்களை நிறுவலாம்.

3. எதிர்ப்பு மென்பொருள்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொதுவாகப் போதும். இரண்டு எதிர்ப்பு மென்பொருள்களை ஒன்றாக இயக்கினால் ஒன்றோடொன்று மோதி வேகத்தைக் குறைக்கும். பென் டிரைவைச் சோதித்த பிறகே திறக்க வேண்டும்.

4. வேகம்: கணினியைத் தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்களில் வேண்டாதவற்றை நிறுத்த வேண்டும், வன்தட்டில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால் பழைய மடிக்கணினியும் புத்துயிர் பெறும்.

5. தூசி: கரிசல் பூமியின் புழுதியும் வெயிலும் சேர்ந்தால் விசிறி அடைபடும். சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். ஆகவே தூசியும் வேகக் குறைவுக்கு ஒரு காரணம். கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, காற்று ஊதியால் சுத்தம் செய்ய வேண்டும். விசிறி வேகமாகச் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது நல்லது. மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து இயக்கக் கூடாது.

6. கடவுச்சொல்: ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல் தேவை. நினைவில் நிற்காவிட்டால் வீட்டு நோட்டில் எழுதிப் பூட்டி வைக்கலாம். கணினித் திரையில் ஒட்டி வைக்கக் கூடாது. 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது' என்று தொலைபேசியில் அழைப்பவர் எவரானாலும் மோசடிக்காரர் என்றே கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பள்ளி அறையில் பிறர் பேணிய கணினி இன்று நம் பொறுப்பில் இருக்கிறது. சைக்கிள் வாங்கித் தரும்போது காற்றடிக்கவும் சங்கிலிக்கு எண்ணெய் போடவும் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, மேற்கண்ட ஆறையும் பிள்ளைகளின் கையாலேயே செய்ய வைத்தால், பீரோவுக்குள் கிடக்கும் மடிக்கணினிகளில் பலவற்றை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியும்.