வட்டு வளர்ந்தது, வாக்கு மாறவில்லை

புத்தம்புது சர்வர் ஒன்றில் சாதாரணப் பிசி வகை மெய்நிகர் கணினியைக் கியூஎமு மென்பொருளில் எழுப்பினால், அது தன் சிப்செட் இன்டெல் 440எஃப்எக்ஸ் என்று சொல்லும். அந்தச் சிப்செட் 1996இல் வந்தது. போர்டு அப்படியே நிற்க, அதில் மாட்டியிருக்கும் வட்டு மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வளர்ந்ததை எந்தக் கணினிக்குக் காட்டுவது, எதற்குக் காட்டாமல் இருப்பது என்ற கவலைக்கு ஒரு தனி வரலாறே உண்டு.

ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கி 2003இல் வெளிவந்த கியூஎமு, ஆரம்பத்தில் ஐடிஇ வன்தட்டைப் போலவே நடித்தது. ரெஜிஸ்டர் ஒவ்வொன்றையும் மென்பொருளே போலி செய்ததால் வேகம் குறைவு. 2007இல், மெய்நிகர் கணினியை நிஜச் செயலியிலேயே ஓடவிடும் கேவிஎம் லினக்ஸ் கர்னலுக்குள் வந்ததும் செயலியின் வேகப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. வட்டும் நெட்வொர்க்கும் பின்தங்கின. அதற்கு விடையாக ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ, 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24இல் இடம்பெற்றது. இதில் நடிப்பு கிடையாது. வட்டு தன் திறன்களை ஒவ்வொரு பிட்டாக முன்வைக்கும். டிரைவர் தனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுதியதை வட்டில் உறுதிசெய்யும் ஃப்ளஷுக்கு 9ஆம் பிட், பல வரிசைகளுக்கு 12ஆம் பிட், வேண்டாத இடத்தை விடுவிக்கும் டிஸ்கார்டுக்கு 13ஆம் பிட்.

இந்தப் பேச்சுவார்த்தை டிரைவர் எழும்பும்போது நடந்து முடிந்துவிடும். லைவ் மைக்ரேஷனின் சிக்கல் இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வேறு சர்வருக்கு நகர்த்துவதை விஎம்வேர் 2003இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஆட்டம் நடந்துகொண்டிருந்த குவேக் 3 சர்வரையே ஏறத்தாழ 60 மில்லிசெகண்ட் தடங்கலோடு இடம் மாற்றிக் காட்டினார்கள். நகர்ந்தது உள்ளிருக்கும் லினக்ஸுக்குத் தெரியாது. அது மறுபடி எதையும் கேட்காது. ஆகவே போய்ச் சேரும் இடத்தில் புதிய கியூஎமு இருந்தாலும், அது பழைய வட்டையே காட்டியாக வேண்டும்.

2009இல் வந்த 0.11 பதிப்பு இந்தப் பொறுப்பை ஏற்றது. 0.10இல் விர்ட்டியோ வட்டு தன்னை ‘வேறு வகைச் சேமிப்பு’ என்று அறிவித்திருந்தது. அது மாறியபோது பழைய கணினிகளுக்காக ‘பிசி-0.10’ என்ற பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி எழுப்பினால் பழைய வட்டே கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் இப்படி ஒரு பெயரும் ஒரு விதிவிலக்குப் பட்டியலும் சேர்ந்துகொண்டே வந்தன.

பிட்டை மறைத்தால் மட்டும் போதாது என்பதை 2019இன் 4.0 பதிப்பு காட்டியது. டிஸ்கார்டும் பூஜ்யம் எழுதும் வசதியும் சேர்ந்ததில் வட்டின் விவரப் பகுதி 36 பைட்டிலிருந்து 60 பைட் ஆனது. பழைய பிசிஐ முறையில் அதற்கு முன்னால் 24 பைட் தலைப்பு உண்டு. மொத்தத்தை இரண்டின் அடுக்குக்கு உயர்த்துவார்கள். முன்பு 60 பைட், எனவே 64. இப்போது 84, எனவே 128. அம்சங்களை அணைத்தே வைத்திருந்தாலும், 64இன் மடங்கான முகவரியில் நின்ற வட்டு 128இன் மடங்குகளை மட்டும் ஏற்கும் இடத்தில் பொருந்தாமல் போகலாம். மைக்ரேஷன் பிழையோடு நின்றுவிடும். அம்சம் இயக்கத்தில் இருந்தால் மட்டுமே விவரப் பகுதி நீளும்படி நிரலைத் திருத்தினார்கள். 

சில அம்சங்கள் எதிர்த்திசையில் போயின. எஸ்சிஎஸ்ஐ கட்டளைகளை நேரே கடத்தும் வசதியில், ஒரு பார்ட்டிஷனை மட்டும் பெற்றவர் முழு வட்டையும் தொட முடியும் என்ற ஓட்டை 2011இல் அம்பலமானது. 2.5 பதிப்பில் அந்த வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டது, 2.4 வரையிலான பெயர்களுக்கு மட்டும் பட்டியல் அதை விட்டுவைத்தது. மற்றவை வளரவே செய்தன: 5.0இல் வரிசை நீளம் 128இலிருந்து 256 ஆனது. 5.2இல் வரிசைகளின் எண்ணிக்கை செயலிகளின் எண்ணிக்கையைப் பின்பற்றத் தொடங்கியது.

இத்தனை பெயர்களையும் என்றென்றும் காக்க முடியாது. 2024இல் கியூஎமு ஒரு விதி வகுத்தது: மூன்று ஆண்டு கடந்த பெயருக்கு எச்சரிக்கை, ஆறு ஆண்டு கடந்தால் நீக்கம். அதற்குள் அந்தப் பெயரில் ஓடும் கணினியை ஒருமுறை முழுதாக நிறுத்தி, புதிய பெயரில் எழுப்ப வேண்டும். 13ஆம் பிட் அப்போதுதான் அதன் டிரைவரின் கண்ணில் படும்.