நியூட்: ஒரு சொல்லின் பிழைப்பிரிப்பும் பொருள் வரலாறும்

பல்லி வடிவினதாய், நீரிலும் நிலத்திலும் வாழும் சிற்றுயிர் ஒன்றை ஆங்கிலத்தார் ‘நியூட்’ என்பர். இதன் இனமொன்று டார்ஜிலிங் மலைப்பகுதியில் உண்டு. இச்சொல்லின் முதலில் நிற்கும் நகரம் அதற்கு உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘எஃபெட்டெ’. அது பின்னர் ‘எவெட்’, ‘எவ்ட்’ எனத் திரிந்தது. ஒன்று என்னும் பொருளுடைய ‘அன்’ உயிர்முன் முழுமையாகவும், மெய்முன் இறுதி கெட்டு ‘அ’ எனவும் வழங்கியது. ஆதலின் ‘அன் எவ்ட்’ என்பதை 15ஆம் நூற்றாண்டளவில் ‘அ நெவ்ட்’ எனப் பிரித்துக்கொண்டனர். நகரத்தை முதலாகக் கொண்டு இச்சொல்லுக்கு வேர் தேடுவது வீண்முயற்சியே. பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ என்னும் சொல்லோ இதற்கு மறுதலையாக, தனக்குரிய நகரத்தை ‘அன்’னுக்கு இழந்தது.

தமிழிலும் ‘ஓர்’ உயிர்முன்னும் ‘ஒரு’ மெய்முன்னும் வருகின்றன. ‘ஓரூர்’ என்பதைச் சீர் நோக்கி ‘ஓ ரூர்’ என அலகிட்டாலும், ‘ரூர்’ என்றொரு சொல் பிறக்கவில்லை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பதே காரணம். ஆங்கிலத்தில் னகர ஒலிக்கு அத்தகைய தடையின்மையால் பிழைப்பிரிப்பு நிலைபெற்றது. மொழிமுதல் எழுத்து பற்றிய தொல்காப்பிய வரையறை சொல்லெல்லையைக் காக்கும் அரணாகவும் அமைந்தமை இவ்வொப்பீட்டால் புலனாகும்.

பொருளும் தொடக்கத்தில் இன்றுபோல் குறுகியதன்று. பழைய ஆங்கிலச் சொற்பட்டியலில் ‘எஃபெட்டெ’, பல்லியைக் குறிக்கும் ‘லாக்கெர்த்தா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு நேராக நிற்கிறது. ‘ஆதெக்ஸெ’ என்ற மற்றொரு சொல்லும் இவ்விரண்டையும் சுட்டியது. அதன் உறவான ‘ஐடெக்ஸெ’ செருமானியத்தில் இன்றும் பல்லிக்கே பெயர். ஸ்காத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்கிய ‘ஆஸ்க்’ என்னும் திரிபோ நியூட்டைக் குறித்தது. 1758இல் லின்னேயசும் இவ்வுயிரை ‘லாக்கெர்த்தா’ப் பேரினத்திலேயே அடக்கினார். ஆகவே பழைய நூல்களில் வரும் ‘எஃபெட்டெ’யை எங்கும் நியூட் எனவே பெயர்ப்பது பொருந்தாது, இடம் நோக்கிப் பல்லி என்றும் கொள்ளல் வேண்டும்.

‘எஃப்ட்’ என்னும் பழைய வடிவமும் மறைந்திலது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் ஓரினத்தின் செந்நிற இளம்பருவம், நிலத்தில் திரியுங்கால் ‘எஃப்ட்’ எனப்படுகிறது. முதிர்ந்து நீருக்குத் திரும்பியபின் அதுவே ‘நியூட்’.