சால்மன் தூண்டிலும் எடையின் இடமும்

தூண்டில் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன முள்ளும் புழுவும், நூலை நீருக்குள் இழுத்துச் செல்லும் ஈயக்குண்டும். ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளில் வளர்ந்த ஈத்தூண்டில் முறை இதற்கு நேர்மாறானது. இறகும் பட்டிழையும் சுற்றிய முள்ளே அங்கு 'ஈ'. அது ஏறத்தாழ எடையற்றது; தனியே வீசினால் காலடியில்தான் விழும். ஆகவே எடையை நூலில் வைத்தார்கள். வீசப்படுவது நூல், ஈ அதன் பின்னே செல்கிறது. இம்முறையைப் பற்றிய விதிகளுள் பலவும் எடை எங்கே இருக்கலாம் என்ற கேள்வியிலிருந்தே பிறந்தவை என்று நமக்குத் தோன்றுகிறது.

பட்டு நூல்களின் காலத்தில் எடையை யாரும் எண்ணால் குறிக்கவில்லை. பருமனை ஆங்கில எழுத்துகளால் குறித்தனர். 'எச்' என்றால் 0.025 அங்குலம், 'டி' என்றால் 0.045. 'எச்டிஎச்' என்ற நூல் இரு முனைகளிலும் மெலிந்து நடுவில் பருத்தது. எல்லாம் பட்டாக இருந்தவரை, பருமன் தெரிந்தால் எடையும் தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் பரவியதும் இக்கணக்குப் பிழைத்தது. அதே பருமனுள்ள நைலான் நூல் பட்டைவிட இலேசானது. எழுத்தை நம்பி வாங்கியவரின் கோல் வளைய மறுத்தது. குறி அதேதான், பொருள் மாறிவிட்டது. மொழி கற்பிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. 1961இல் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் எண்முறையை வகுத்தது. நூலின் முதல் 30 அடியை நிறுத்து, ஐந்தாம் எண்ணுக்கு 140 கிரெயின், பத்தாம் எண்ணுக்கு 280 கிரெயின், அதாவது சுமார் 18 கிராம், என்று நிர்ணயித்தனர். சால்மனுக்கான இருகைக் கோல்களுக்குப் பின்னாளில் தனி அட்டவணை தேவைப்பட்டது.

நூலின் எடை இவ்வாறு ஒழுங்குபட்டது. ஈயின் எடையோ சட்டத்தின் பொருளாயிற்று. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரை உண்பதில்லை. பசியில்லாத மீனைச் சீண்டித்தான் கவ்வ வைக்க வேண்டும். 'தூண்டு' என்னும் நம் வினைச்சொல் இங்கே வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் கனமான முள்ளை மடுவின் அடிவரை இறக்கி வெடுக்கென இழுத்தால், மீன் கவ்வாமலே அதன் உடலில் முள் தைக்கும். அது தூண்டுதலன்று, குத்துதல். கனடாவின் நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா மாகாணங்களுக்கான மீன்பிடி விதிகள், ஈயை மூழ்கச் செய்யும் எடை எதையும் அதில் சேர்க்கலாகாது என்கின்றன. ஸ்காட்லாந்திலோ பித்தளைக் குழாயின் மேல் கட்டிய ஈக்கள் வழக்கில் உள்ளன. ஒரே மீன், இருவேறு அறம். நம் சாய்வு கனடாவின் பக்கம்.

மீனின் எடைக்கும் இவ்வழக்கில் பங்குண்டு. 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன், தூண்டிலில் அகப்பட்டவற்றுள் பிரிட்டனின் மிகப் பெரியதாக இன்றும் நிற்கிறது. ஆனால் அது கவ்வியது ஈயையன்று. சுழலும்படி கோத்த சிறுமீனை. ஈயால் பிடித்தவற்றுள் முதலிடம், 1924இல் டெவரன் ஆற்றில் கிளெமென்டினா மாரிசன் பிடித்த 61 பவுண்டு மீனுக்கு. மூன்று பவுண்டு குறைந்தும் அதற்குத் தனி இருக்கை கிடைத்தது கருவியால்தான். இரண்டுமே பெண்கள் பிடித்தவை என்பதை ஆண்கள் எழுதிய தூண்டில் நூல்கள் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்லியிருக்கும் என்று ஊகிக்கிறோம்.

அவ்விரு மீன்களும் கரையேறித் தராசில் கிடந்தன. 2023இல் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஸ்காட்லாந்தில் பிடிபடுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை இப்போது உயிரோடு ஆற்றில் விடப்படுகின்றன. மீனை நீரில் தாங்கியபடியே நீளத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து எடையை மதிப்பிடுகிறார்கள்.