சுமைதாங்கியும் பிறவாத பிள்ளையும்

வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், போர்ட்டோ நோவோ எனப் போர்த்துக்கீசியர் அழைத்த பரங்கிப்பேட்டையிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துணிப்பொதிகள் கப்பலேறிய காலத்தில், தமிழகத்துப் பெருவழிகளில் வழிப்போக்கர் தங்கிய சத்திரங்களையும் குளக்கரைகளையும் ஒட்டிச் சுமைதாங்கிகள் நின்றன. நட்ட இரு கற்களின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய இவ்வமைப்பில், தலைச்சுமைக்காரர் பிறர் கைத்துணையின்றிப் பொதியை இறக்கி இளைப்பாறி, குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் தாங்கியபடியே இறந்த பெண்ணின் ஆவி, அச்சுமையை இறக்க இடமின்றி அலையும் என்று அஞ்சிய குடும்பத்தார் அவள் நினைவாக இக்கல்லை நாட்டினர். வழிச்செல்வோர் சுமையிறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. இதனை வெறும் பேயச்சம் என்று ஒதுக்குவது பெரும் பிழை; முகம் காணாத பிள்ளைக்காக ஒரு வீடு பட்ட துயரமே ஊராருக்கு உதவும் கல்லாயிற்று. வண்டிகள் பெருகித் தலைச்சுமை மறைந்தபின், சாலையோரங்களில் இக்கற்கள் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடக்கின்றன.