யாழ்ப்பாணப் பாசியும் காற்றில் கலந்த கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் 'யாழ்ப்பாணப் பாசி' என்றொரு சரக்கு இடம்பெற்றிருந்தது. 'இலங்கைப் பாசி' என்பது அதன் மறுபெயர். நம்மவர் கஞ்சிப்பாசி என வழங்கும் கிராசிலேரியா என்னும் செம்பாசியே அது. பெயரில் யாழ்ப்பாணம் இருப்பினும், அந்நூல்கள் விவரிக்கும் அறுவடைக் களம் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பாகும். தென்மேற்குப் பருவக்காற்றில் நீர் கலங்கிப் பாசி அறுபடும் வேளையில் மக்கள் அதனைச் சேகரித்தனர். பாய்களில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்தினர். நன்னீரில் பலமுறை அலசி, மீண்டும் வெயிலில் இட்டு வெளுக்கச் செய்தனர். உப்பும் நிறமும் வாடையும் நீங்கிய பின்னரே அது சரக்காயிற்று.

கல்கத்தாவில் பணியாற்றிய டொக்டர் ஓஷானசி அதனைப் பகுத்தாய்ந்து, நூற்றுக்கு 54.5 பங்கு கூழ்ப்பொருள், 15 பங்கு மாப்பொருள் என்று கணக்கிட்டார். தராசில் எஞ்சியது பதிவாயிற்று. காற்றோடு போனதற்கு அந்த அட்டவணையில் இடமிருக்கவில்லை. கஞ்சிக்கு உதவாத வாடையை எவர் தேடுவார்?

தேடியவர்கள் ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தனர். 1935இல் ஹாஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர், பொலிசைபோனியா என்ற மற்றொரு செம்பாசியிலிருந்து எழும் ஆவி இருமெதைல் சல்பைட்டு எனக் கண்டார். 1948இல் சலஞ்சரும் சிம்சனும் அந்த ஆவியின் மூலப்பொருளை அதே பாசியில் இனங்கண்டனர். 1972இல் ஜேம்ஸ் லவ்லொக்கும் துணைவர்களும், கடலிலிருந்து தரைக்குக் கந்தகத்தைக் காவிவரும் வாகனம் இதுவே என்று வாதிட்டனர். கடற்கரை வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதனுடையது. பண்ணைத் தாம்போதியைக் கடப்போர் மூக்கைப் பொத்தும் நாற்றத்தை இதனோடு குழப்பலாகாது; சேற்றில் அழுகும் பொருள்கள் விடும் ஐதரசன் சல்பைட்டு வேறு.

பாசிக்கு இதனால் என்ன பயன்? மூலப்பொருள் உயிரணுவுக்குள் உப்புச் சமநிலையைப் பேண உதவுகிறது. மேயும் உயிர் கடித்துத் திசு கிழிந்ததும், நொதியம் அதனைப் பிளந்து ஆவியாகவும் அக்ரிலிக் அமிலமாகவும் ஆக்குகிறது. பாறைகளில் படரும் அல்வா என்னும் பச்சைப் பாசியிடமிருந்து கடல் முள்ளெலிகளை விலக்கிவைப்பது இந்த ஏற்பாடே. ஒருவருக்கு விரட்டு, இன்னொருவருக்கு அழைப்பு: தென்துருவக் கடற்பறவைகள் சில இதே மணத்தை முகர்ந்து இரை தேடுகின்றன என்று 1995இல் காட்டப்பட்டது. இவ்வாவி முகில்களைப் பெருக்கிப் புவியைக் குளிர்விக்கிறது என்ற 1987ஆம் ஆண்டுக் கருதுகோள் மட்டும், 2011இல் வந்த கடுமையான மறுப்பின் பின் தளர்ந்துவிட்டது.

செம்பாசிகள் பல இன்னொரு ஆவியையும் விடுகின்றன. அது புரோமோஃபோம். பாசிக்கு அது தற்காப்பு. வெப்பமண்டலக் காற்றோட்டத்தில் உயரே சென்றாலோ, அதன் புரோமின் ஓசோனைச் சிதைக்க வல்லது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நமது வடகரையில் கயிறுகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைக்கஸ், இவ்வகை ஆவிகளை வெளிவிடும் செம்பாசியே. மலேசியக் கரையோரத்தில் இயற்கையான பாசிகளோடு வளர்ப்புப் பாசிகளையும் சேர்த்தளந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று.

இதே கப்பாபைக்கஸ் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப் பாறைகள்மேல் படர்ந்துவிட்டது என்ற அறிக்கை வந்தது 2008இல். எதிர்க்கரைச் செய்தி அது. நடுவே இருப்பது பாக்கு நீரிணை மட்டுமே. இங்கோ வளர்ப்போருக்குப் பணம் கிடைப்பது, ஓஷானசி காலத்தைப் போலவே, உலர்ந்து எஞ்சும் எடைக்குத்தான்.