கொண்டைக்குச்சியும் பெண்ணின் கையும்: ஜப்பானில் கூந்தல் முடிக்கும் திறனின் கைமாற்றம் (1795–1905)

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியப் பெண்கள் தம் நீண்ட கூந்தலைத் தாமே முடிக்கவேண்டும் என்னும் கருத்து இருமுறை பொதுவெளியில் வலியுறுத்தப்பட்டது. 1795இல் அது அரசாணையாகவும், 1885இல் சீர்திருத்த இயக்கமாகவும் வெளிப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் கூந்தலில் செருகப்பட்ட குச்சியின் பயன்பாட்டு வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியாக இருந்த குச்சி அணியாக மாறியதும், முடிக்கும் திறன் பெண்ணின் கையிலிருந்து தொழிலாளியின் கைக்குச் சென்றதும் ஒரே மாற்றத்தின் இருபக்கங்கள் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொண்டைக்குச்சி, கோகாய், காமியுய், சொகுஹாட்சு, எடோ காலம், மெய்ஜி காலம், பெண் உழைப்பு.

1. முன்னுரை

நீண்ட கூந்தலை ஒற்றைக் குச்சியால் நிறுத்துவது பார்ப்பதற்கு எளிது. செய்வதற்குப் பழக்கம் வேண்டும். கூந்தலைத் திரித்துச் சுருட்டிய பின், குச்சி சுருளின் ஓரத்தில் சிறிதளவு மயிரைக் கோத்துத் திசை திரும்ப வேண்டும். பின்னர்த் தலையை ஒட்டிக் கிடக்கும் மயிரின் ஊடே நுழைந்து மறுபுறம் வெளிவர வேண்டும். அவிழ முயலும் சுருளின் இழுவிசையே குச்சியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கயிறோ முடிச்சோ தேவையில்லை. ஆயினும் இவ்வேலை முழுவதும் முடிப்பவரின் கண்ணுக்குத் தெரியாத பின்னந்தலையில் நடைபெறுகிறது. எனவே இத்திறன் விரல்களின் தொட்டுணர்வால் கற்கப்படுவது. தாயிடமிருந்து மகளுக்கும் தமக்கையிடமிருந்து தங்கைக்கும் செல்வது.

இத்தகைய திறன் ஒரு சமூகத்தில் யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது, அம்மாற்றத்தால் யார் பயனடைந்தனர், யார் இழந்தனர் என்னும் வினாக்களுக்கு ஜப்பானிய வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது. ஜப்பானிய மொழியில் கூந்தலில் செருகும் அணிகள் பொதுவாகக் ‘கன்சாஷி’ எனப்படும்; தண்டு வடிவில் அமைந்தது ‘கோகாய்’ எனப்படும். தமிழில் ‘கொண்டை ஊசி’ என்பது இருகால் உடைய வளைந்த கம்பியையே பெரிதும் குறிப்பதால், கோகாயை இக்கட்டுரை ‘கொண்டைக்குச்சி’ எனக் குறிக்கிறது.

2. கருவியாக இருந்த குச்சி

ஹெயான் காலத்து (794–1185) அரசவைப் பெண்டிர் கூந்தலை முடிக்காமல் நீளத் தொங்கவிட்டனர். தரையைத் தொடும் நேரான கருங்கூந்தலே அக்காலத்து அழகின் அளவுகோல். அரசவையில் கூந்தலைத் தொங்கவிடுவது பின்னரும் முறையாகத் தொடர்ந்தது. ஆனால் வேலை செய்யும் பொழுது அது இடையூறாகும். ஆகவே முரோமாச்சிக் காலத்து (1336–1573) அரண்மனைப் பணிப்பெண்கள் தம் அறைகளில் இருக்கும்போது கூந்தலைத் தூக்கி ஒரு குச்சியில் சுற்றி நிறுத்தினர். மேலோர் முன் செல்லும் நேரம் வந்ததும் குச்சியை உருவினால் கூந்தல் மீண்டும் தோளின்மேல் சரிந்து முறையான தோற்றம் பெற்றுவிடும். ‘கோகாய்–மாகே’ எனப் பின்னர் பெயர்பெற்ற கொண்டை இவ்வழக்கத்திலிருந்தே தோன்றியது.

இங்குக் குச்சியின் பயன் தெளிவானது. அதனை உருவினால் கொண்டை இல்லை. முடிப்பவளும் அவிழ்ப்பவளும் ஒருத்தியே. பணிக்கும் முறைமைக்கும் இடையே விரைந்து மாறவேண்டிய ஒரு பெண் தனக்காகக் கையாண்ட உழைப்புக் கருவியாகவே குச்சி இருந்தது.

3. அணியாக மாறிய குச்சி

எடோ காலத்தில் (1603–1868) கூந்தலை உயர்த்தி முடிப்பது நகரப் பெண்களிடையே பரவியது. ஹியோகோ, ஷிமாதா, கத்சுயாமா, கோகாய் என்னும் நால்வகைக் கொண்டைகளிலிருந்து எண்ணற்ற வகைகள் கிளைத்தன. முன்மயிர், இருபக்க மயிர், பின்கழுத்து மயிர், உச்சிக் கொண்டை எனத் தலைமயிர் பகுக்கப்பட்டு, ‘மோதோயுய்’ என்னும் முறுக்கிய தாள்கயிற்றால் கட்டப்பட்டது. மெழுகும் எண்ணெயும் கலந்த ‘பின்ட்ஸுகே’ பூசி மயிருக்கு வடிவம் தரப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்க மயிரை விளக்குக்கூண்டு போல் விரிக்கும் பாணி தோன்றியபோது, அதனைத் தாங்கத் திமிங்கலத்தின் தாடைத்தகட்டால் ஆன வளைவு உள்ளே வைக்கப்பட்டது.

இவ்வளர்ச்சி குச்சியின் இடத்தை மாற்றியது. கொண்டையைத் தாங்கும் வேலையைத் தாள்கயிறும் மெழுகும் ஏற்றுக்கொண்டன. குச்சி ஆமையோடு, பவளம், அரக்குப் பூச்சு ஆகியவற்றால் செய்யப்பட்ட விலையுயர்ந்த அணியாயிற்று. பிற்காலக் கோகாய்களுள் பல நடுவில் இரண்டாகப் பிரியும்படி செய்யப்பட்டமை இதற்குரிய பொருட்சான்று. இருமுனைகளும் அகன்று அழகுபடுத்தப்பட்டதால், முடித்த கொண்டையின் இருபுறமிருந்தும் செருகி நடுவில் பொருத்துவதற்காக அவ்வாறு செய்யப்பட்டது. முன்பு கூந்தல் குச்சியைச் சுற்றியது. இப்போது முடிந்த கூந்தலுக்குள் குச்சி நுழைந்தது.

4. 1795ஆம் ஆண்டு ஆணை

சிக்கலான கொண்டைகள் ‘ஒன்னா காமியுய்’ எனப்பட்ட பெண் கூந்தல்தொழிலாளரை உருவாக்கின. தன் கூந்தலைத் தானே முடிக்கத் தெரிந்திருப்பது பெண்ணுக்குரிய தேர்ச்சியாக மதிக்கப்பட்ட சமூகத்தில், கூலிக்குக் கூந்தல் முடிக்கும் தொழில் தோன்றியது புதிய நிகழ்வு. கான்செய் சீர்திருத்தங்களை ஒட்டி 1795இல் தோக்குகவா அரசு இத்தொழிலைத் தடைசெய்தது. கூலி கொடுத்துக் கூந்தல் முடித்துக்கொள்வது ஆடம்பரம் எனக் கண்டிக்கப்பட்டது. தொழில்புரிந்த பெண்கள் தையல், சலவை முதலிய வேறு வேலைகளுக்கு மாறுமாறு பணிக்கப்பட்டனர். 1840களின் தெம்போ சீர்திருத்தத்தில் தடை மேலும் கடுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. தொழிலாளரும் அவர்களை அழைத்தோரும் தண்டனைக்கு உள்ளாயினர்.

தடையைப் புதுப்பிக்க நேர்ந்ததே முந்தைய தடை நிலைபெறவில்லை என்பதைக் காட்டும். ‘காமியுய்யின் கணவன்’ என்னும் மரபுத்தொடர், மனைவியின் வருவாயில் வாழும் ஆடவனைக் குறித்து இன்றும் ஜப்பானிய மொழியில் வழங்குகிறது. ஒரு பெண் தன் கைத்திறனால் குடும்பத்தையே தாங்கும் அளவுக்கு ஈட்டினாள் என்பதை இவ்வேளனம் தன்னையறியாமல் பதிவு செய்துள்ளது. ‘நீயே முடித்துக்கொள்’ என்னும் அரசின் அறிவுரை, உண்மையில் மற்றொரு பெண்ணின் பிழைப்பின்மீது விழுந்த அடியாகும்.

5. வெட்டவும் கூடாது

மெய்ஜி அரசு 1871இல் ஆடவர் தம் குடுமியை விரும்பியவாறு களைந்துகொள்ளலாம் என அறிவித்தது. பெண்களுள் சிலரும் கூந்தலைக் குறைத்துக்கொண்டனர். உடனே எதிர்ப்பு எழுந்தது. 1872இல் தோக்கியோ நிர்வாகம் பெண்கள் தக்க காரணமின்றிக் கூந்தலை வெட்டுவதைக் குற்றமாக்கியது. ஆடவர்க்குக் குறுமயிர் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. பெண்ணுக்கு நீண்ட கூந்தல் சட்டக் கடமையாயிற்று. அடுத்துவந்த சீர்திருத்தத்தின் எல்லையை இச்சூழலே வகுத்தது. கூந்தலைக் குறைக்கும் வழி அடைபட்டபின், முடிக்கும் முறையை மாற்றுவதே எஞ்சியிருந்த வழி.

6. 1885: கற்றுக்கொள்ளத்தக்க கொண்டை

1885இல் மருத்துவர் வாத்தனாபே கனாயேவும், பொருளியல் எழுத்தாளர் இஷிகாவா எய்சாக்குவும் மகளிர் சொகுஹாட்சுச் சங்கத்தைத் தொடங்கினர். ‘சொகுஹாட்சு’ என்பது திரட்டி முடித்த கூந்தல் எனப் பொருள்படும். பழைய கொண்டையின்மீது அவர்கள் மூன்று குற்றங்களைச் சாட்டினர்: அது துன்பமும் இடையூறும் தருவது, தூய்மையற்றது, வீண்செலவு மிக்கது. மெழுகு பூசிய தலையை அடிக்கடி கழுவ இயலாது. வடிவம் கலையாதிருக்கக் கழுத்தைத் தாங்கும் உயரமான கட்டைத் தலையணையில் உறங்க வேண்டும். தொழிலாளிக்கும் அணிகளுக்கும் பணம் செலவாகும். முதலிரு குற்றச்சாட்டுகளில் மருத்துவரின் குரலும், மூன்றாவதில் ஆடம் ஸ்மித்தை ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்தோருள் ஒருவரான இஷிகாவாவின் குரலும் கேட்கின்றன.

‘மேலைச் சுருள்’, ‘ஆங்கிலக் கட்டு’, ‘மாகரெய்த்து’ எனப் பெயரிடப்பட்ட புதிய கொண்டைகளின் முதன்மைச் சிறப்பு, ஒரு பெண் தானே கற்று முடிக்கத்தக்கவை என்பதே. பின்னிய அல்லது திரித்த கூந்தலைச் சுருட்டிச் சில ஊசிகளால் நிறுத்தினால் போதும். இவற்றை விளக்கும் வண்ண மரச்செதுக்கு அச்சுப்படங்கள் அதே ஆண்டில் வெளிவந்தன. அவை பின்னந்தலைத் தோற்றத்தை வரைந்து, முடிக்கும் முறையை எழுத்தாலும் விளக்கின. ஒப்பனைக் கையேடுகள் முன்பே இருந்தன. 1813இல் வெளிவந்த ‘மியாக்கோ ஃபூசொகு கெவாய்தென்’ அவற்றுள் புகழ்பெற்றது. எனினும் ஒரு புதிய கொண்டையைக் கற்பித்தலே இயக்கமாக நடந்தது இம்முறைதான். கண்ணாடியில் காணமுடியாததைத் தாள் காட்டியது. ஆசிரியைகளும் மாணவியரும் இதனை முதலில் ஏற்றோருள் முதன்மையானவர்கள்.

7. மீண்டும் பிறர் கைக்கு

சொகுஹாட்சு எளிமையிலேயே நின்றுவிடவில்லை. 1880களின் இறுதியில் மேலைநாட்டுப் பாங்குக்கு எதிரான உணர்வு எழுந்தபோது அது சற்றே பின்தங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஓங்கியது. அப்போது முன்மயிரைக் கூரைவிளிம்பு போல் புடைக்கச்செய்யும் ‘ஹிசாஷிகாமி’ பரவியது. அதற்கு உள்ளே மயிர்த்திணிப்பு வைக்க வேண்டியிருந்தது. 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரின்போது, ஆர்தர் துறைமுகத்துப் போர்க்களக் குன்றின் பெயரால் ‘203 மீட்டர் மேடு’ என வழங்கிய உயர்ந்த கொண்டை புகழ்பெற்றது. ஆமையோட்டைப் போலச் செய்த செல்லுலாய்டு சீப்புகளும் ஊசிகளும் புதிய சந்தையை உருவாக்கின. கூந்தல்தொழிலாளரும் புதிய பாணியைக் கற்றுத் தம் தொழிலில் சேர்த்துக்கொண்டனர். எளிமைக்காகத் தோன்றிய கொண்டை, இருபது ஆண்டுகளில் மீண்டும் பிறர் உதவியை நாடியது.

8. முடிவுரை

‘பெண் தன் கூந்தலைத் தானே முடிக்க வேண்டும்’ என்னும் கூற்று 1795இல் கட்டுப்பாடாகவும் 1885இல் விடுதலையாகவும் ஒலித்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. முதலாவது, வடிவத்தை மாற்றாமல் உதவியை மட்டும் தடைசெய்தது. இரண்டாவது, வடிவத்தையே கற்கத்தக்கதாக மாற்றியது. ஆயினும் இரண்டிலும் பேசியவர் ஆடவரே. இரண்டிலும் கூந்தல் முடிக்கும் தொழிலாளி வீண்செலவின் கணக்கிலேயே எழுதப்பட்டாள். அவளது திறன் கணக்கில் வரவில்லை.

பயன்படுத்துபவளின் விடுதலையும் தொழிலாளியின் வாழ்வும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இவ்வரலாற்றை ஆடை அலங்கார வரலாறு என்று ஒதுக்குதல் பொருந்தாது. அது பெண் உழைப்பின் வரலாறு. அருங்காட்சியகப் பேழைகளில் அழகுப்பொருளாகக் காட்சிதரும் கொண்டைக்குச்சியை அணுகும் ஆய்வாளர், அது எதனால் ஆனது என்பதோடு, அதனை உருவினால் கொண்டை அவிழுமா என்றும் வினவ வேண்டும். அவ்வினாவுக்கான விடை, அக்கொண்டையை முடித்த கை யாருடையது என்பதை அறிய உதவும்.